ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள்

ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள் என்பவை 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழரிடையே உருவாகிப் பெரும் புகழ்பெற்ற மேடைப் பாடல்களும் வானொலிப் பாடல்களும் ஆகும். இவை துள்ளிசைப் பாடல்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. எளிய மெட்டு, கிட்டார் இசை, காலைத் தட்ட வைக்கும் தாளம், அன்றாடப் பேச்சுத் தமிழ், மெல்லிய கேலி ஆகியவை இவற்றின் பொது இயல்புகள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகிய இருவரும் இவ்வகைப் பாடல்களின் முதன்மைப் பாடகர்களாகக் கருதப்படுகின்றனர். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே', 'சுராங்கனி' ஆகிய பாடல்கள் இலங்கையைக் கடந்து தமிழகத்திலும் புலம்பெயர் தமிழரிடையேயும் இன்றுவரை பாடப்படுகின்றன.

தமிழில் வெகுமக்கள் பாடல் என்றால் பெரும்பாலும் திரைப்பாடலையே குறிக்கும். திரைப்படம் ஒன்றின் துணையின்றி, கதாநாயகனின் முகமின்றி, வெறும் குரலாலும் கிட்டாராலும் ஊரெங்கும் பரவிய தமிழ்ப் பாடல் மரபு என்ற வகையில் ஈழத்துப் பொப்பிசை தனித்து நிற்கிறது. பொழுதுபோக்குப் பாட்டு என்று இலேசாக எண்ணப்பட்ட இப்பாடல்களில், ஒரு காலத்து யாழ்ப்பாணப் பேச்சுவழக்கும், உறவுமுறையும், தமிழ் சிங்கள இசைக் கொடுக்கல் வாங்கலும் பதிவாகியுள்ளன. அக்காலச் சூழல் மறைந்துவிட்டதால் அப்பதிவு கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

பெயர்

'பாப்புலர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே 'பாப்'. வெகுமக்களிடம் புழங்கும் இசை என்பது இதன் பொருள். தமிழகத்தில் 'பாப்' என்று எழுதப்படும் இச்சொல் இலங்கைத் தமிழில் 'பொப்' என்று எழுதப்படுகிறது. தமிழகத்தார் 'காபி' என்பதை இலங்கைத் தமிழர் 'கோப்பி' என்பது போன்ற ஒலிப்பு வேறுபாடு இது. இதற்குத் தமிழ்ப் பெயராக 'துள்ளிசை' என்ற சொல் வழக்கில் வந்தது. கேட்பவரைத் துள்ள வைக்கும் இசை என்ற பொருளில் அமைந்த இச்சொல் பொருத்தமான ஆக்கமாகும்.

இலங்கையில் 'மெல்லிசைப் பாடல்' என்று வழங்கப்படுவது வேறு. கவிஞர் ஒருவர் எழுத, இசையமைப்பாளர் மெட்டமைக்க, வானொலி நிலையத்தில் பாடகர் பாடிப் பதிவு செய்யும் திரைசாராப் பாடல்களே அங்கு மெல்லிசைப் பாடல்கள் எனப்பட்டன. நித்தி கனகரத்தினம் போன்ற பொப்பிசைப் பாடகர்களோ தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடினர். மெல்லிசை வானொலிக் கலையகத்தில் வளர்ந்தது. பொப்பிசை கல்லூரி விடுதியிலும் மேடையிலும் பிறந்து வானொலிக்குச் சென்றது.

இசைப் பின்னணி

ஈழத்துப் பொப்பிசை மூன்று ஊற்றுகளிலிருந்து நீர் பெற்றது.

முதலாவது பைலா. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். அவர்களுடனும் அவர்கள் அழைத்துவந்த ஆப்பிரிக்க மக்களுடனும் கஃபிரிஞ்ஞா எனப்படும் ஆடலிசை வந்து சேர்ந்தது. இதிலிருந்து வளர்ந்ததே பைலா. 'ஆடு' என்னும் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. சன்னல், சாவி, மேசை, அலமாரி என்ற சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்து தமிழுக்கு வந்து தமிழாகவே ஆகிவிட்டன. அதுபோல இந்தத் தாளமும் இலங்கையின் தாளமாகவே ஆகிவிட்டது. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் இவ்விசையை வழிவழியாகப் பேணி வந்துள்ளனர். 1940களில் காவல்துறையில் பணியாற்றிய வோலி பாஸ்டியன் என்பவர் பைலாவுக்குச் சிங்கள மேடையில் புதிய வடிவம் தந்தார். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ அதை மேலும் பரவலாக்கினார்.

இரண்டாவது கலிப்சோ. கரிபியன் தீவுகளின் இவ்விசை, ஹரி பெலஃபான்டே 1956இல் வெளியிட்ட 'கலிப்சோ' என்னும் இசைத்தட்டின் வழியாக உலகெங்கும் பரவியது. கிட்டார், பொங்கோ, மராக்கஸ் ஆகியவற்றுடன் நான்கைந்து இளைஞர்கள் கூடிப் பாடும் குழுக்கள் இலங்கையில் தோன்றின. 1960களில் நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ் குழுவும், அடுத்து கிளாரன்ஸ் விஜேவர்தன, அனெஸ்லி மாலேவன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் சிங்களப் பொப்பிசையை நிலைநிறுத்தின. தாய்மொழியிலேயே இப்படிப் பாட முடியும் என்பதைத் தமிழ் இளைஞர்கள் பக்கத்திலேயே கண்டனர்.

மூன்றாவது தமிழ்த் திரையிசையும் நாட்டார் பாடலும். தமிழ்த் திரையில் மேலை இசையோடு நகைச்சுவையைக் கலந்து பாடிய ஜே. பி. சந்திரபாபு முன்னோடியாக விளங்கினார். தூத்துக்குடியில் பிறந்த அவர் இளமையில் கொழும்பில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. எம். எஸ். விசுவநாதன், டி. கே. ராமமூர்த்தி இணையின் இசையில் 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' போன்ற படங்கள், தமிழ்ச் சொற்கள் மேலைத் தாளத்தில் இயல்பாக அமரும் என்பதைக் காட்டியிருந்தன.

வானொலியின் பங்கு

கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயர் வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கப்பட்டது. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது.

இதே காலத்தில் இந்தியாவில் வேறொரு மாற்றம் நடந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இருந்த இடத்தை வெகுவாகக் குறைத்தார். செவ்வியல் இசைக்கு முதலிடம் தருவது அவர் நோக்கம். விரும்பிய பாட்டைக் கேட்க முடியாத இந்திய நேயர்கள் வானொலியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அந்தப் பழக்கம் தமிழகத்தில் விடவில்லை. 'பொங்கும் பூம்புனல்' போன்ற நிகழ்ச்சிகளும், எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் தமிழக வீடுகளில் அறிமுகமான குரல்களாயின.

கடற்கரை ஊர்களோடு இது நின்றுவிடவில்லை. கடலே இல்லாத உள்மாவட்டங்களிலும் இலங்கை வானொலிக்கு நேயர்கள் இருந்தனர். முறுக்குக்குப் பெயர் பெற்ற ஆட்டையாம்பட்டி உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளி ஊர்கள் கைத்தொழிலும் சிறுதொழிலும் நிறைந்தவை. கை வேலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது. தறிக்கூடத்திலும் தேநீர்க்கடையிலும் தையற்கடையிலும் வானொலிக்கு இருந்த இடத்தைத் திரையரங்கு நிரப்ப முடியாது. திரைப்பாடல் கேட்பதற்காகத் திருப்பப்பட்ட அதே அலைவரிசையில்தான் இலங்கைக் கலைஞர்களின் பாடல்களும் வந்தன.

நித்தி கனகரத்தினம்

யாழ்ப்பாண மாவட்டம் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ஈழத்துப் பொப்பிசையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1960களின் பிற்பகுதியில் அம்பாறையில் உள்ள ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்த காலத்தில் அவர் நண்பர்களுக்காகப் பாடத் தொடங்கினார். தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து தங்கிப் படித்த இடத்தில் இப்பாடல்கள் உருவாயின என்பது அவற்றின் இயல்பை விளக்குகிறது. பாடலின் எல்லாச் சொற்களும் விளங்காதவரையும் தாளத்தால் பாட்டுக்குள் இழுக்க வேண்டிய தேவை அங்கு இருந்தது.

'சின்ன மாமியே' அவருடைய புகழ்பெற்ற பாடல். மாமியின் மகள் எங்கே என்று ஓர் இளைஞன் மாமியிடமே குறும்பாகக் கேட்பதாக அது அமைந்துள்ளது. இக்கேலியின் சுவை உறவுமுறையில் தங்கியிருக்கிறது. யாழ்ப்பாண வழக்கில் தந்தையின் உடன்பிறந்தாளும் தாய்மாமனின் மனைவியும் மாமி எனப்படுவர். மாமியின் மகள் மச்சாள். அவள் மணமுறை உள்ளவள். கொங்கு நாட்டில் அத்தை மகளைக் கேலி செய்யும் உரிமை மாமன் மகனுக்கு இருப்பது போலவே, யாழ்ப்பாணத்தில் மச்சாளைப் பற்றி மாமியிடம் கேட்கும் உரிமை மருமகனுக்கு உண்டு. எனவே பாட்டில் உள்ள துடுக்குத்தனம் யாரையும் புண்படுத்தாத, உறவு அனுமதித்த துடுக்குத்தனமாகும்.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடிப்பழக்கத்தை விட்டுவிடுமாறு மன்றாடும் பாடல். பனை நிறைந்த யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடை அன்றாடக் காட்சி. அங்கு அது 'தவறணை' என்றும் அழைக்கப்படும். அறிவுரையை மேடைப் பேச்சாகச் சொன்னால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். இப்பாடல் அதைக் கெஞ்சலாகவும் சிரிப்பாகவும் மாற்றியது. கள்ளுண்பவரும் சேர்ந்து பாடக்கூடிய கள்ளுண்ணாமைப் பாட்டாக அது ஆனது.

தமிழகத்தில் இப்பாடலுக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937இல் சேலம் மாவட்டத்தில்தான் ராஜாஜி அரசால் நடைமுறைப்படுத்தப்பட்டது. பின்னர் 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. உரிமம் பெற்ற கள்ளுக்கடையைக் கண்ணால் பார்த்திராத தலைமுறையும் அப்பாடலைத் தமிழகத்தில் அறிந்திருக்கிறது. கடை மறைந்த பிறகும் பாட்டு நிலைத்ததற்கு, அது பேசிய குடும்பத் துயரம் மறையாததே காரணம் எனலாம்.

நித்தி கனகரத்தினம் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

ஏ. ஈ. மனோகரன்

ஏ. ஈ. மனோகரன் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப் புகழப்பட்டவர். தமிழகத்தில் 'சிலோன் மனோகர்' என்ற பெயரால் அறியப்பட்டார். மேடை முழுவதும் ஆடிப் பாடி, கூட்டத்தைத் தம்மோடு சேர்ந்து பாட வைப்பது அவரது பாணி. இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்த் திரைப்படங்களிலும் அவர் நடித்தார். செங்கை ஆழியானின் புதினத்தைத் தழுவி 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' அவற்றுள் ஒன்று. பின்னர் தமிழகத்தில் 'குரு' (1980) முதலிய படங்களிலும் நடித்தார். 2018 சனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.

அவர் பாடிய 'சுராங்கனி', இவ்வகைப் பாடல்களிலேயே மிகப் பரவலாக அறியப்பட்டது. சுராங்கனி என்பது ஒரு சிங்களப் பெண்ணின் பெயர். அவளுக்காக மீன் கொண்டு வந்திருப்பதாகச் சொல்வதே பாட்டின் மையம். சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கலந்து வருகின்றன. கடற்கரைச் சந்தையில் இரு மொழி பேசுவோர் மீன் வாங்கி விற்கும்போது மொழிகள் எப்படிக் கலக்குமோ அப்படியே இப்பாட்டிலும் கலந்துள்ளன. சிங்களம் அறியாத தமிழர் அதன் சிங்களச் சொற்களைப் பொருள் தெரியாமலே மனப்பாடமாகப் பாடினர். இலங்கையில் மொழியே அரசியல் சண்டைக்குக் காரணமாயிருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிந்திய தலைமுறையில், இப்படியொரு இருமொழிப் பாட்டு இரு தரப்பிலும் விரும்பப்பட்டது என்பது வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

இவ்விருவரைத் தவிர எஸ். ராமச்சந்திரன், இமானுவேல், அமுதன் அண்ணாமலை, ஸ்டனி சிவானந்தன் முதலியோரும் பொப்பிசைப் பாடகர்களாக அறியப்பட்டனர். திருகோணமலையைச் சேர்ந்த பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் மெல்லிசையிலும் மேடையிசையிலும் பெயர் பெற்றனர்.

பாடல்களின் அமைப்பு

இப்பாடல்களை ஒருமுறை கேட்டவுடன் பாட முடிவதற்கு இசையியல் காரணங்கள் உள்ளன.

தாளம்: பைலாத் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. மேலை இசைக் குறியீட்டில் 6/8 என எழுதப்படும். முதல் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் அழுத்தம் விழும். கருநாடக இசை அறிந்தவர்கள் இதைத் 'தகிட தகிட' என்னும் திசுர நடையாக உணரலாம். தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, கும்மி எனத் தமிழ் நாட்டார் பாடல்கள் பலவற்றிலும் மும்மையாக அசையும் நடை உண்டு. எனவே தமிழ்க் காதுக்கு இது புதிய தாளமாகத் தோன்றவில்லை. வேகம் மட்டுமே புதியது.

சுரக்கூட்டு: கிட்டாரில் ஒரே நேரத்தில் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிப்பதைக் கோர்ட் என்பர். இவ்வகைப் பாடல்களுக்குப் பெரும்பாலும் மூன்று கோர்ட்டுகள் போதும். சங்கராபரணத்துக்கு இணையான மேலை மேஜர் அளவையில் அவை ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி என அமையும். இம்மூன்றிலும் வரும் சுரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழும் இருப்பதைக் காணலாம். அதாவது அந்த அளவையில் அமைந்த எந்த மெட்டின் எந்தச் சுரத்துக்கும் இம்மூன்றில் ஒன்று துணை நிற்கும். மூன்று விரலமைப்புகளைக் கற்ற மாணவன் ஒருவன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பாட முடிவதன் இரகசியம் இதுதான்.

பல்லவி: முன்பாடகர் ஒரு வரியைப் பாட, கூட்டம் பல்லவியைத் திருப்பிப் பாடும். நாற்று நடவுப் பாட்டிலும் அம்பா எனப்படும் மீனவர் பாட்டிலும் உள்ள முறையே இது. பல்லவி குறுகியதாகவும், விளி ஒன்றைக் கொண்டதாகவும் இருக்கும். மாமியையோ சுராங்கனியையோ பெயர் சொல்லி அழைப்பதால், பாடுபவர் எல்லோருமே அந்த இளைஞனாகிவிடுகின்றனர்.

மொழி: சொற்கள் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் அமைந்தன. மேடைத் தமிழும் வானொலிச் செய்தித் தமிழும் செந்தமிழாக இருந்த காலத்தில், வீட்டில் பேசும் தமிழை ஒலிபெருக்கியில் கேட்டது மக்களுக்குப் புதிய மகிழ்ச்சியைத் தந்தது.

உலகப் பின்னணியும் ஒப்பீடும்

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் மேலை நாடுகளில் ராக் இசையின் கடுமை தணிந்து, மென்ராக் என்னும் வகை வளர்ந்தது. மின்கிட்டாரின் இரைச்சல் குறைந்து, சாதாரண கிட்டாரும் பியானோவும் தெளிவான குரலும் முன்னுக்கு வந்தன. அமெரிக்காவின் கார்ப்பென்டர்ஸ் இணை 1970 முதல் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. சுவீடனின் ஆபா குழு 1974இல் யூரோவிஷன் போட்டியில் வென்று மகிழ்ச்சிப் பொப்பிசைக்கு அடையாளமானது. இப்பாடல்களும் விமர்சகர் சிலரால் 'ஆழமற்றவை' என்று ஒதுக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவை கேட்கப்படுகின்றன.

தமிழகத்தில் இம்மென்மை திரையிசைக்குள்ளேயே இடம் தேடிக்கொண்டது. இளையராசா இசையில் 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடல், கிட்டாரை முதன்மையாகக் கொண்ட மென்பாடலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அது ஒரு திரைக்கதையின் பகுதி. இலங்கையில் அத்தகைய பாடல் திரைக்கு வெளியே வளர வேண்டியிருந்தது. 1970களில் இலங்கை அரசு இந்திய இதழ்களுக்கும் திரைப்படங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை விதித்தது. இதனால் உள்நாட்டு எழுத்து, திரைப்படம், இசை ஆகியவற்றுக்கு இடம் கிடைத்தது. பொப்பிசை உச்சத்தில் இருந்த காலமும் இதுவே.

தமிழகத்தில் பரவலும் மறைந்த பெயர்களும்

1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்தில், இளையராசா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் 'சுராங்கனி'யைப் பாடினர். இலங்கையில் புகழ்பெற்ற பாட்டு ஒன்று, மலேசியாவில் பிறந்த பாடகரின் குரலில், தமிழகத் திரைப்பாடலாக மீண்டும் வெளிவந்தது. தமிழர் வாழும் மூன்று நாடுகள் ஒரே பாட்டில் சந்தித்தன.

திரைப்பாடலானதும் அப்பாட்டின் பரவல் பன்மடங்கானது. இசைத்தட்டு, ஒலிநாடா, திருமண மேடை இசைக்குழு, கோயில் திருவிழா, கல்லூரிச் சுற்றுலாப் பேருந்து என அது சென்றது. ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு செய்தி உதிர்ந்தது. வானொலி அறிவிப்பாளர் பாடகரின் பெயரைச் சொல்வார். இசைக்குழு சொல்வதில்லை. பேருந்தில் பாடும் மாணவர்களுக்கு அது தேவையும் இல்லை. கேட்பவர் மனத்தில் கடைசியாகக் கேட்ட குரலே நிற்கும். இதனால் 'சின்ன மாமியே' நாட்டுப்புறப் பாட்டு என்றும், 'சுராங்கனி' திரைப்பாட்டு மட்டுமே என்றும் நம்புவோர் தமிழகத்தில் பலர் உள்ளனர்.

ஒரு பாட்டு ஆசிரியர் பெயரை இழந்து ஊர்ச்சொத்தாவது அதன் வெற்றியின் அடையாளம் என்று கூறுவதுண்டு. இதில் உண்மை உண்டு. ஆனால் எழுதியவர் வாழும் காலத்திலேயே அவர் பெயர் மறக்கப்படுவது வேறு. நாட்டார் பாடலின் ஆசிரியர் தெரியாமற்போனது காலத்தால். இப்பாடல்களின் ஆசிரியர் தெரியாமற்போவது அக்கறைக் குறைவால். பாடும் முன் பாடகரின் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் சொல்வது இக்குறையைப் போக்கும் எளிய வழி.

சரிவு

1970களின் இறுதியில் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஒலிநாடாக்கள் பெருகி, இந்தியத் திரைப்பாடல்கள் தடையின்றி வந்தன. அதே ஆண்டில் இனக்கலவரம் நிகழ்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் நாடு நீண்ட போருக்குள் சென்றது. அது 2009 மே மாதம் வரை நீடித்தது.

பொப்பிசைக்குத் தேவையானவை இரவு நேர மேடை, களியாட்ட விழா, கலந்து பழகும் இளைஞர் கூட்டம் ஆகியவை. ஊரடங்கு உள்ள ஊரில் இவை மூன்றும் இல்லை. கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். வடக்கு கிழக்கில் போர்க்காலப் பாடல்கள் எழுந்தன. சிங்களமும் தமிழும் கலந்த கேலிப்பாட்டைப் பாடுவதற்கான மனநிலையே அரிதாயிற்று. மெட்டு அலுத்துப்போனதால் இவ்விசை நிற்கவில்லை. பாடுபவரும் கேட்பவரும் கூடும் இடம் இல்லாமற்போனதால் நின்றது.

இன்றைய நிலை

கனடா, பிரித்தானியா, பிரான்சு, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் புலம்பெயர் தமிழரின் ஒன்றுகூடல்களில் இப்பாடல்கள் தொடர்ந்து பாடப்படுகின்றன. ஊரை விட்டு வந்தவர்களுக்கு, போருக்கு முந்திய ஊரை நினைவுபடுத்தும் பாடல்களாக இவை உள்ளன. துயரத்தைப் பாடும் பாடல்கள் பல இருக்க, சிரிப்பைப் பாடும் இப்பாடல்களைக் கேட்கும்போதே சிலர் கண்கலங்குவதற்கு இதுவே காரணம். அப்பாட்டு பிறந்த காலத்தில் அதில் துயரம் இல்லை. பின்னால் வந்த காலம் அதைச் சேர்த்தது.

இலங்கையிலிருந்து பாட்டு கடல் கடப்பது இன்றும் நிற்கவில்லை. 2021இல் யொஹானி பாடிய 'மெனிகே மகே ஹிதே' என்னும் சிங்களப் பாடல் இணையத்தின் வழியாக இந்தியா முழுவதும் பரவியது. பொருள் தெரியாமலே தமிழகத்தில் பலர் அதைப் பாடினர். 'சுராங்கனி'க்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. ஒரு வேறுபாடு, இணையத்தில் பாடியவரின் பெயரும் பாட்டோடு சேர்ந்தே பயணம் செய்தது.

முக்கியத்துவம்

ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள் எண்ணிக்கையில் மிகுதியானவை அல்ல. இலக்கிய ஆழத்தை அவை கோரவும் இல்லை. ஆயினும் தமிழிசை வரலாற்றில் அவை மூன்று செய்திகளை நிறுவின. திரைப்படத்தின் துணையின்றியே தமிழ்ப் பாட்டு வெகுமக்களை அடைய முடியும். வட்டாரப் பேச்சுமொழி பாட்டுக்குத் தகுதியானது. அரசியல் பிரித்து வைத்த இரு மொழிகள் ஒரு தாளத்தில் சேர்ந்து ஆட முடியும். மாமியை அழைக்கும் குரலும் சுராங்கனியை அழைக்கும் குரலும் ஒரே தீவில், ஒரே காலத்தில், ஒரே மேடையில் ஒலித்தன என்பதற்கு இப்பாடல்கள் சான்றாக நிற்கின்றன.